கார்டும் கூலரும் ஒரே பெட்டியில்: வாங்கும் முன் அளக்க, மாட்டும்போது கவனிக்க

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், வீடியோ எடிட்டிங் பழகும் கல்லூரிப் பிள்ளைகள், ராத்திரி கேம் ஆடுகிறவர்கள் என்று நம் திருநெல்வேலி தச்சநல்லூர் பக்கமும் பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்த கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. கார்டை ஒருவர் சிபாரிசில் வாங்குகிறோம், சிபியு கூலரை இன்னொருவர் சிபாரிசில் வாங்குகிறோம். தனித்தனியே இரண்டும் நல்ல பொருள்தான். ஒரே கேபினட்டுக்குள் வைத்தால்தான் ஒன்றின் இடத்தையும் காற்றையும் மற்றது பிடுங்கிக்கொள்கிறது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த கூலர் உட்காரவில்லை என்றால், 600 கிலோமீட்டருக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டும். கூரியர் செலவு நம் தலையில். அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பாதிக்கு மேல், காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

1. மதர்போர்டு, கேபினட், கார்டு, கூலர் நான்கின் முழுப் பெயரையும் மாடல் எண்ணோடு ஒரு தாளில் எழுதி, நான்கையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இன்றைய மதர்போர்டின் அமைப்பு இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவிலிருந்து வந்தது. அன்று கார்டு ஒரு ஸ்லாட்டுக்குள் அடங்கும் மெல்லிய பலகை. பிராசசர் மேல் இருந்ததும் சிறிய ஹீட்சிங்க். இன்று கார்டு மூன்று ஸ்லாட் கனம், கூலர் ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி மட்டும் அதே 20.32 மி.மீ. கார்டை மாட்டினால் அதன் ஃபேன்கள் தரையைப் பார்க்கும், முதுகுத் தகடு கூலரைப் பார்க்கும். இடிபடுவது அந்த முதுகும் கூலரின் கீழ் விளிம்பும்தான்.

2. முதலில் எடுக்க வேண்டிய அளவு, பிராசசர் சாக்கெட்டின் நடுவிலிருந்து கார்டு செருகும் முதல் எக்ஸ்16 ஸ்லாட்டின் நடு வரை உள்ள தூரம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலால் அளக்கலாம். இரும்பு டேப்பைப் போர்டின் மேல் இழுக்க வேண்டாம். பிறகு கூலரின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் முதுகுத் தகடு மேல்பக்கம் துருத்துவதற்கு 5, 6 மி.மீ. கூட்டுங்கள். காற்றுக்கும் கைக்கும் இன்னொரு 5 மி.மீ. மொத்தம் நீங்கள் அளந்த தூரத்துக்குள் அடங்க வேண்டும். 125 மி.மீ. அகலக் கூலர் என்றால் பாதி 62.5, கூட்டினால் 73 மி.மீ. வருகிறது. ஸ்கேல் 70 காட்டினால் அந்தக் கூலர் உங்கள் போர்டுக்கு வேண்டாம்.

அகலம் என்பதில் ஒரு குழப்பம் வரும். கூலர் பெட்டியில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் போட்டிருப்பார்கள். கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது கார்டை நோக்கிக் கீழே வரும் பக்கம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். டவர் கூலரில் அது ஃபேனின் குறுக்களவை ஒட்டி, 120-லிருந்து 150 மி.மீ. வரை இருக்கும்.

3. பெயர் பெற்ற கம்பெனிப் பொருள் என்பதால் பொருந்திவிடும் என்று நம்ப வேண்டாம். ஆஸ்திரியாவின் நாக்டுவா 2014-ல் கொண்டுவந்த என்எச்-டி15 காற்றுக் கூலர்களில் முதல் வரிசை. அகலம் 150 மி.மீ., இரண்டு ஃபேனோடு எடை 1,320 கிராம். பல போர்டுகளில் அது மேல் ஸ்லாட்டின் மீதே வந்து நின்றது. அதனால் அடுத்த ஆண்டே, தகடுகளை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளி அமைத்த என்எச்-டி15எஸ் என்ற மாடலை விட்டார்கள். பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். கார்டு உட்காருமா உட்காராதா என்பதே அந்த எழுத்தில் இருக்கிறது. ஆர்டர் போடும்போது கவனமாகப் படியுங்கள். கூலர் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் எந்தப் போர்டுக்குப் பொருந்தும் என்று பட்டியல் தருகின்றன. ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

4. எக்ஸ்16 ஸ்லாட் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் அது இரண்டாவது இடத்தில் இருக்கும்; கூலருக்கு 20 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். நம் ஊரில் அதிகம் விற்கும் விலை குறைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளில் பெரும்பாலும் முதல் இடத்திலேயே இருக்கும். இடிக்கிறதே என்று கார்டைக் கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். பார்க்க ஒரே நீளமாக இருந்தாலும், கீழ் ஸ்லாட்டுக்கு நான்கு லேன் (தரவுப் பாதை) மட்டுமே வந்திருக்கலாம். கார்டின் வேகம் குறையும். கூலரை மாற்றுவதே சரி.

5. கூலரின் உயரத்தைப் பிராசசரின் உலோக மூடியிலிருந்து பக்கக் கதவு வரை அளந்து பாருங்கள். டீப்கூல் ஏகே400 போன்ற ஒற்றை டவருக்கு 155 மி.மீ., ஏகே620 போன்ற இரட்டை டவருக்கு 160 மி.மீ. தேவை. மேலே எஸ்எம்பிஎஸ் வைக்கும் பழைய ஒல்லிக் கேபினட்டுகளில் இது கிடைக்காது. பக்கக் கதவில் ஃபேன் இருந்தால் அதன் 25 மி.மீ.யையும் கழியுங்கள். கடையில் கேட்கும்போதும் அளவோடு கேளுங்கள்.

“அண்ணாச்சி, இந்தக் கூலர் என் கேபினட்டுக்குள்ள நிக்குமா?” என்றால், “அதெல்லாம் நிக்கும் தம்பி” என்றுதான் பதில் வரும். “அண்ணாச்சி, உள்ள 158 மி.மீ. இருக்கு, இது எத்தனை?” என்று கேட்டால் அவரே பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார்.

6. கார்டின் நீளத்துக்குப் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை அளக்க வேண்டும், வெறும் கேபினட் சுவர் வரை அல்ல. முன்னால் ஃபேன் இருந்தால் 25 மி.மீ. போகும். லிக்விட் கூலரின் ரேடியேட்டரும் அங்கேயே இருந்தால் இன்னொரு 27 மி.மீ. போகும்.

7. நீளத்தைப் பார்க்கிறவர்கள் கார்டின் கனத்தையும் மின்கேபிளின் வளைவையும் மறந்துவிடுகிறார்கள். மூன்று ஸ்லாட் கார்டு 60 மி.மீ. கீழே இறங்கி, எஸ்எம்பிஎஸ் மூடிக்கு மிக அருகில் வரும். ஃபேனுக்கும் மூடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால் கார்டுக்கு மூச்சு முட்டும். கேபிள் கார்டின் பக்கவாட்டில் ஏறி நிற்பதால், கண்ணாடிக் கதவு அதை அமுக்கக் கூடாது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களில் அதன் 16 பின் இணைப்புகள் உருகிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. இணைப்பு முழுவதும் உள்ளே போய் உட்காராததே பொதுவான காரணம் என்று என்விடியா விளக்கம் சொன்னது. அந்த வகைக் கேபிளை, கார்டிலிருந்து 35 மி.மீ. நேராகப் போகவிட்டு அதன் பிறகே வளைக்கச் சொல்கிறார்கள். கதவை மூட கேபிளை மடக்க வேண்டியிருந்தால் அந்தக் கேபினட் அந்தக் கார்டுக்கு ஆகாது.

8. ராம் குச்சிகளின் உயரம்: சாதாரண ஹீட்சிங்க் போட்டவை 31-லிருந்து 34 மி.மீ.; வண்ண விளக்கு எரிகிறவற்றில் பல 45-ஐத் தாண்டும். கூலர் ஃபேன் ராமின் மேல் வந்தால் ஃபேனைச் சற்று மேலே ஏற்றி மாட்டுவார்கள்; ஏற்றிய அளவு கூலரின் உயரத்தில் கூடிவிடும். ஐந்தாம் குறிப்புக் கணக்கை மறுபடி போடுங்கள்.

9. ஆபீஸில் கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அதில் கார்டு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒல்லி மாடல் என்றால் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும். அதன் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 240, 255 வாட்தான்; வெளியில் வாங்கி மாற்றவும் முடியாத வடிவம். கூலரின் ஸ்க்ரூ துளைகளும் பல மாடல்களில் வேறு. ஸ்லாட்டிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கூலரையே துடைத்துப் புதுத் தெர்மல் பேஸ்ட் போட்டால் போதும்.

10. யூடியூபில் காட்டும் வெப்பக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுக்காதீர்கள். அங்கே அறை 20-லிருந்து 25 டிகிரி. இங்கே மே மாதம் வெளியே 38, 39 சாதாரணம், சில நாள் 40-ஐத் தாண்டும். மேற்கு வெயில் குடிக்கும் மொட்டைமாடி அறை ராத்திரி பத்து மணிக்கும் ஆறாது. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். வீடியோவில் 75 என்று வந்தால் நம் வீட்டில் 88, 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் கார்டின் சூடும் சேர்கிறது. இரண்டு, மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே விடுகின்றன. 170 வாட் கார்டு என்றால் 170 வாட்டும் சூடாக உள்ளேதான் இறங்குகிறது. அது மேலே எழும்பி நேராகக் கூலர் ஃபேனுக்குள் போகிறது. ரெண்டரிங் ஓடும்போது பிராசசர் கொதிக்கிறதே என்று இன்னும் பெரிய கூலரைத் தேடுகிறவர்கள், முதலில் கார்டின் சூடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊருக்கு நான் சொல்லும் ஜோடி, 120 மி.மீ. ஒற்றை டவர் கூலரும் இரண்டு ஸ்லாட் கார்டும். நடுவே காற்று ஓட இடம் இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். இரட்டை டவர் வாங்கும் காசில் முன்பக்கத்துக்கு இரண்டு நல்ல ஃபேன் வாங்கலாம்.

11. காற்று முன்னால் நுழைந்து பின்னால் போக வேண்டும். முன்பக்கம் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. கூலர் ஃபேனும் பின்பக்க ஃபேனைப் பார்த்தே ஊத வேண்டும். ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமே காற்று வெளியே வரும் பக்கம். முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்டு மூடிய கேபினட் பார்க்க அழகு, நம் வெயிலுக்கு ஆகாது. சல்லடை முகப்பு உள்ளதை வாங்குங்கள். மேசை அலமாரிக்குள் கேபினட்டைத் தள்ளிக் கதவு சாத்தும் பழக்கத்தையும் விடுங்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளியே வையுங்கள்.

12. ஆனி, ஆடிக் காற்றில் மதுரை ரோட்டுத் தூசி ஜன்னல் வழியாக வந்து சேர்வது கார்டுக்கும் கூலருக்கும் இடையே உள்ள அந்தச் சின்னச் சந்தில்தான். உள்ளே இழுக்கும் ஃபேன் எண்ணிக்கை வெளியே தள்ளுவதைவிட அதிகமாக இருந்தால், கண்ட ஓட்டை வழியாகத் தூசி நுழைவது குறையும். ஃபில்டர் இல்லாத பழைய கேபினட்டில் முன்பக்கம் மட்டும் மெல்லிய நைலான் கொசுவலையை ஒற்றையாகக் கட்டலாம். வாரம் ஒரு முறை எடுத்துத் தட்டுங்கள். அடைத்த வலை இருப்பதைவிட வலையே இல்லாதது மேல். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிடக் கூடாது.

13. மாட்டும் வரிசை: மேசை மேல் போர்டு, அதில் பிராசசர், ராம், எம்.2 எஸ்எஸ்டி, கூலர். பிறகு போர்டைக் கேபினட்டுக்குள் இறக்கி எல்லா ஒயரும் கொடுத்து, கடைசியில் கார்டு. எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் சாக்கெட் கூலருக்குப் பின்னால் மூலையில் இருக்கும். பெரிய கூலர் மாட்டிய பிறகு பெரிய கை அங்கே நுழையாது. அந்தக் கேபிளை முதலிலேயே மூலை வழியாக இழுத்து வைத்துவிடுங்கள்.

14. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரித்தீர்களா? பழைய பேஸ்ட்டை ஐசோபிரைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதில் வேறு பிசுக்கு சேர்ந்திருக்கும். பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும். ஸ்க்ரூவை ஒரே மூலையில் முழுதாக முறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஏஎம்4 ரைசன் வைத்திருக்கிறவர்கள் பழைய கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேரே மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின் வளையும்.

15. கார்டைச் செருகிய பிறகு கூலர் ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைப் பாருங்கள். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் கம்பியின் வளைந்த நுனிக்கும் கார்டின் முதுகுக்கும் இடையே வெளிச்சம் கோடாகத் தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை அந்தச் சந்தில் நுழைத்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது மாட்டினால் கம்பி தொடுகிறது என்று அர்த்தம். முதுகுத் தகடு இல்லாத கார்டில் அந்தக் கம்பி சால்டர் புள்ளிகளின் மேல் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகும். கார்டோடு போர்டும் போகலாம். ஃபேனை இரண்டு மி.மீ. மேலே ஏற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், சூட்டில் பசை இளகி டேப் நழுவும்.

16. கழற்றும்போது வரும் தொல்லை தனி. ஸ்லாட்டின் கடைசியில் உள்ள பூட்டு, பெரிய கூலருக்கும் கார்டுக்கும் நடுவில் மறைந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை விட்டு அமுக்கினால் வழுக்கிப் போர்டின் கோடுகளைக் கீறும். மர ஸ்கேலின் நுனி அல்லது ஐஸ் குச்சி போதும். ஒரு கையால் கார்டைத் தாங்கி, மறு கையால் பூட்டை அமுக்கி, ‘டக்’ சத்தம் கேட்ட பிறகே இழுங்கள். முதலில் பின்பக்கத் தகட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றியிருக்க வேண்டும்.

17. நீளமான கார்டு நாளாவட்டத்தில் முன்பக்கம் தொங்கும். கார்டோடு வரும் தாங்கியைக் குப்பையில் போடாமல் மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ திருகி உயரம் மாற்றும் சிறு தாங்கிக் கால் விலைக்குக் கிடைக்கிறது.

18. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். ஸ்டிக்கரில் 450 வாட் போட்ட பெயரில்லாத பெட்டியை நம்பிக் கார்டு மாட்ட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டுக்கும் என்விடியா 550 வாட் பரிந்துரைக்கிறது. கார்டின் 8 பின்னும் பிராசசரின் 8 பின்னும் பார்க்க ஒன்றாக இருக்கும், உள் அமைப்பு வேறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்கே தாங்கும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடித்தால் எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகே புதுக் கார்டை மாட்டுங்கள்.

19. மாட்டி முடித்ததும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்ச்சும் ஃபர்மார்க்கும் தனித்தனியே பத்துப் பத்து நிமிடம், பிறகு இரண்டும் சேர்த்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சேர்த்து ஓட்டும்போதுதான் கார்டின் சூடு கூலரை என்ன செய்கிறது என்று தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள், விடிகாலைச் சோதனை நமக்கு உதவாது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி, இன்டெல் 12-லிருந்து 14-ஆம் தலைமுறை வரை 100 டிகிரி உச்ச எல்லை. அதைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு பக்கக் கதவைத் திறந்து அதே சோதனை. கதவு திறந்ததும் பிராசசர் ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலரில் குறை இல்லை, கேபினட்டின் காற்றில்தான் குறை. சில கார்டுகள் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுதாக நிறுத்திவிடும். முதுகுத் தகடு சுட்டால் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் குறைந்த வேகத்தில் எப்போதும் சுற்றும்படி வைக்கலாம்.

20. பஸ்ஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ கம்ப்யூட்டரைக் கொண்டு போனால் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். ஒரு கிலோ கூலரையும் கழற்றுவது நல்லது. முடியாவிட்டால் போர்டு கீழே, கூலர் மேலே வரும்படி கேபினட்டைப் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். ஆட்டோவில் நிற்க வைத்து வரும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை போர்டைப் பிடித்து இழுக்கும்.

21. கார்த்திகை, மார்கழியில் கேபினட் தரையில் இருக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், கைலாசபுரம், வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். நனைந்துவிட்டால் ஓடுகிறதா என்று ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்காதீர்கள். கார்டு, கூலர், ராம் எல்லாம் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் போக்கி, ஐசோபிரைல் ஆல்கஹாலால் அலசி, ஃபேன் காற்றில் பல நாள் காயவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

22. கூலரோடு வந்த மிச்ச ஸ்க்ரூ, பட்டை, கிளிப் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டுக் கேபினட் பெட்டியோடு வையுங்கள். இன்று எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு மாட்டிய அதே கூலரை நாளை ஏஎம்5 போர்டுக்கு மாற்ற அந்தப் பட்டைதான் வேண்டும். தனியாகக் கேட்டால் கடையில் கிடைப்பது அரிது. கவருக்குள் ஒரு துண்டுத் தாளில் நீங்கள் அளந்த நான்கு எண்களையும் எழுதிப் போடுங்கள்: சாக்கெட்டிலிருந்து ஸ்லாட் வரை, பிராசசரிலிருந்து கதவு வரை, கார்டுக்கு உள்ள நீளம், கார்டுக்குக் கீழே உள்ள இடைவெளி. பேஸ்ட் போட்ட மாதத்தையும் வருடத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.